நான்காவது விளக்கு

மேற்கு மலைகளில் பன்னிரண்டு நாளாகக் கொட்டிய மழையை எல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு, நீலியாறு இரு கரையும் தொட்டுப் புரண்டோடிய ஆவணி மாதத்துப் பௌர்ணமி அந்தி அது. செங்கதிரோன் மலைவாயில் விழுந்து அரை நாழிகைகூட ஆகவில்லை. அதற்குள் கீழ்த்திசையில் முழுமதி எழுந்து, சிவந்த வானத்துக்கும் கலங்கிய புனலுக்கும் நடுவே எந்தப் பக்கம் ஒளி வீசுவது என்று தெரியாமல் தயங்கி நின்றது. ஆற்றின் நடுவே துருத்தி நின்ற பெரும்பாறையின் மேல் எழுந்திருந்தது வேங்கைக்கோட்டை. அதன் மதிலடியில் வெள்ளம் மோதி எழுப்பிய ஓசை, கோட்டைக்குள் பேசுகிறவர்களை எல்லாம் சற்று உரக்கவே பேச வைத்தது. அக்கரையிலோ நெடுங்காவூர் மன்னன் ஆதிச்சனின் படைவீடு; கூடாரத்துக்குக் கூடாரம் பந்தங்கள் எரியத் தொடங்கியிருந்தன. வெள்ளம் வடிவதற்காகத்தான் அந்தப் படை காத்திருந்தது. வடிந்த மறுநாள் அது என்ன செய்யும் என்பது கோட்டைக்குள் இருந்த பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

இப்படி உயிருக்கு உலை வைத்திருக்கும் நேரத்தில் ஒரு கோட்டைக்குள் காதற் பாட்டைப் பற்றி யாராவது பேசுவார்களா என்று வாசகர்கள் கேட்கலாம். பேசினார்கள், அன்பர்களே! அதுவும் ஒரு மனிதனின் தலை கழுத்தில் நிற்குமா நிற்காதா என்பதே அன்று அந்தப் பேச்சைப் பொறுத்திருந்தது.

மேல்மாடத்தில் நின்று அக்கரைப் பந்தங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள் பூங்கொற்றி நங்கை. வேங்கைக்கோட்டை வேளின் ஒரே மகள். சென்ற திங்கள் நடந்த போரில் தந்தை மார்பில் வேல் வாங்கிப் படுக்கையில் விழுந்த நாள் முதல் கோட்டையின் ஆட்சி அவள் கையில் இருந்தது. அதற்கு முன்பும் ஓர் ஆட்சி அவளுக்கு உண்டு. ஆயிரம் ஆண்டுப் பாடல்களை அடுக்கி வைத்திருந்த சுவடிச்சாலையே அது. பூச்சி அரித்த ஏட்டைப் புது ஓலையில் பெயர்த்து எழுதுவதும், எந்தப் பாட்டு எந்தக் காலத்து வழக்கில் அமைந்தது என்று பிரித்து வைப்பதும் பன்னிரண்டு வயதிலிருந்து அவள் வேலை. அரசகுமாரிகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று முணுமுணுத்தவர்களை அவள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

படிக்கட்டில் தடதடவென்று காலடி ஓசை எழுந்தது. சேனாபதி அஞ்சாதகண்டர் மூச்சு வாங்க வந்து நின்றார். பெயருக்கு ஏற்ப எவருக்கும் அஞ்சாதவர். ஆனால் செய்யுள் என்றால் மட்டும் காத தூரம் ஓடிவிடுவார்.

"இளவரசி! நான் அன்றைக்கே தலைபாடாய் அடித்துக்கொண்டேன். வெள்ளத்தில் மிதந்து வந்தவனை எல்லாம் பாணன் என்று நம்பி உள்ளே விடாதீர்கள் என்று சொன்னேன். இப்போது பாருங்கள்! நீர்வாயிலில் வைத்துப் பிடித்திருக்கிறோம்!"

"யாரை?" என்று கேட்டாள் பூங்கொற்றி. கேட்கும்போதே அவளுக்கு விடை தெரிந்துவிட்டது.

"வேறு யாரை? அந்த மருதனைத்தான்!"

மருதன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட அந்த இளைஞன், ஒன்பது நாளுக்கு முன் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு கோட்டைப் பாறையில் வந்து ஒதுங்கியவன். ஊர் ஊராகப் பாடிப் பிழைக்கும் பாணன் என்றான். கந்தல் உடுத்தியிருந்தாலும் அவன் வாயிலிருந்து வந்த தமிழ் கந்தலாக இல்லை. ஒன்பது நாளும் பகற்பொழுதில் சுவடிச்சாலைக்கு வந்து, சிதைந்த ஏடுகளைக் கூட்டிப் படிக்க உதவினான். பூங்கொற்றி மறந்துபோன அடியை அவன் எடுத்துக் கொடுப்பான். அவன் தடுமாறிய சொல்லை அவள் திருத்துவாள். நாலாம் நாளிலிருந்து அவள் காலையில் சற்று முன்னதாகவே எழுந்துகொண்டிருந்தாள். ஏன் என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏடுகள் நிறையக் கிடக்கின்றன என்று சொல்லியிருப்பாள்.

சேனாபதி ஓர் ஓலை நறுக்கை நீட்டினார். "இடுப்பில் செருகியிருந்தான். நீங்களே படியுங்கள்."

நிலவொளியிலும் அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரிந்தது.

*நாய் உறங்கும்; காவலர் அயர்வர்;
புன்னையின் நிழல் புனலில் விழும் பொழுது வருக.
மூன்றாம் படி வழுக்கும்;
ஐந்தாம் படியில் வேர் உண்டு, பற்றுக.
அதன்மேல் கதவு, கதவின்மேல் அவள் விழி.*

"படம் போட்டுக் காட்டியிருக்கிறானே, படுபாவி!" என்று கொதித்தார் சேனாபதி. "காவல் எப்போது தளரும், எத்தனை படி, எங்கே வழுக்கும், எல்லாம் இருக்கிறது. கதவின்மேல் விழியாம்! வேறென்ன, நம்முடைய காவற்கோபுரம்தான்!"

அந்த இக்கட்டிலும் பூங்கொற்றிக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. "சேனாபதி! இது பழங்காலத்து வழக்கு. அக்காலப் பாட்டில் காதலன் யாரும் அறியாமல் வருவான். தோழி அவனுக்கு வழி சொல்வாள். நாயும் காவலரும் நிலவும் தடையாக நிற்கும். இந்தத் துறையில் ஒரு பாட்டு எழுதும் என்று ஏழு நாளுக்கு முன் அவரிடம் கேட்டவளே நான்தான்."

"அப்படியானால் அந்தக் காலத்துக் காதலர்கள் எல்லாரும் ஒற்றர்கள்தான் போலிருக்கிறது!"

பூங்கொற்றி ஓலையை மீண்டும் பார்த்தாள். நீர்வாயிலின் மூன்றாம் படி உண்மையிலேயே வழுக்கும். எட்டு வயதில் அவளே அங்கே விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறாள். ஆற்றுக்குள் இறங்கும் அந்த இரகசிய வாயிலை அறிந்தவர்கள் அவளும் தந்தையும் சேனாபதியும் நாலு காவலரும் மட்டுமே. கோட்டை விழுந்தால் அரச குடும்பம் உயிர் தப்ப இருந்த ஒரே வழி அது. தனக்காக எழுதிய பாட்டா, அக்கரைக்காக எழுதிய வரைபடமா? நெஞ்சு ஒன்று சொல்லிற்று. கையிலிருந்த ஓலை இன்னொன்று சொல்லிற்று.

"தலையை வாங்க ஆணை கொடுங்கள்," என்றார் சேனாபதி.

"அவர் தம்மைப் பாவலர் என்கிறார். நம் கோட்டை வழக்கம் உமக்குத் தெரியாததா? விளக்குகளை ஏற்றச் சொல்லும்."

வாசகர்களுக்கு அந்த வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். வேங்கைக்கோட்டையின் இரும்பு பாவலர்மேல் படலாகாது; அவர் போகும் வழியை எவரும் மறிக்கவும் கூடாது. இது அக்குலத்து முதல் வேள் செய்த ஆணை. ஆனால் கழுத்தில் வாள் விழும்போது எவன்தான் தன்னைப் பாவலன் என்று சொல்லமாட்டான்? ஆகவே அந்தப் பெரியவர் ஒரு சோதனையும் வைத்தார். நாலு விளக்குகளை ஏற்றி அவற்றின்முன் நிறுத்தி, காதலைப் பாடச் சொல்ல வேண்டும். போரைக் கூலிக்குப் பாடலாம், புகழைச் சோற்றுக்குப் பாடலாம், காதலை மட்டும் அப்படிப் பாட முடியாது என்பது அவர் எண்ணம். முதல் விளக்குக்குப் பழங்காலத்து வழக்கு. இரண்டாவதற்கு அடியார்கள் காலத்து வழக்கு. மூன்றாவதற்குப் பேரரசர்களின் அவைக்கால வழக்கு. வழக்குப் பிறழ்ந்தால் அந்த விளக்கை அணைத்துவிடுவார்கள். ஒரு விளக்கு அணைந்தாலும் தலை போயிற்று. நான்காவது விளக்கின்முன் பாட வேண்டியது தன் காலத்துப் பாட்டு. தன் நெஞ்சில் இருக்கும் காதலைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அது மெய்யா பொய்யா என்று அளக்க எந்த நூலும் கிடையாது. பொய் சொன்னவன் நா அழுகும் என்று ஊர் நம்பிற்று. பூங்கொற்றி அதை நம்பவில்லை. பொய் என்றால் தனக்குத் தெரிந்துவிடும் என்று மட்டும் நம்பினாள்.

கொலுமண்டபத்தில் நாலு குத்துவிளக்குகள் எரிந்தன. கைகள் பின்னால் கட்டப்பட்ட நிலையில் மருதனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நெற்றியில் ஓர் அடிபட்ட காயம். ஆனால் முகத்தில் கலக்கம் இல்லை. தீர்ப்புச் சொல்லும் ஆசனத்தில் இருந்தவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கண்களைத் தாழ்த்திக்கொண்டான்.

"நீர்வாயிலுக்கு ஏன் போனீர்?" என்று கேட்டாள் பூங்கொற்றி.

"அதற்கு விடை நான்காவது விளக்கின்முன் சொல்லக்கூடியது, தேவி. முதல் மூன்றையும் முதலில் கடக்க அருள வேண்டும்."

"பாடும்."

கட்டை அவிழ்த்தார்கள். முதல் விளக்கின்முன் அவன் யாழ்கூடக் கேட்கவில்லை. பேசுகிற குரலுக்குச் சற்றே மேலான குரலில் தொடங்கினான்.

*தினையெல்லாம் கொய்தாயிற்று; கிளியோட்ட ஏதுமில்லை;
என்றாலும் பரணேறி நிற்கின்றாள் என் தோழி.
'எதை ஓட்டுகின்றாய்?' என வினவும் அன்னைக்குத்
தட்டையொலி ஒன்றே விடை.
மலைநாடனே,
கதிரில்லாப் புனத்தை இன்னும் எத்தனை நாள் காப்பது?*

பாட்டில் பெயரில்லை, ஊரில்லை. காதல் என்ற சொல்லும் இல்லை. அறுத்து முடிந்த தினைப்புனத்தில் ஒரு பெண் வெறும் காற்றைப் பார்த்துக் கிளியோட்டும் தட்டையை ஆட்டிக்கொண்டு நிற்கிறாள், அவ்வளவுதான். அவள் வேதனையை அவளே சொல்லவில்லை, தோழி சொல்கிறாள். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அந்த மலைச்சாரலின் குளிர் மேனியில் பட்டாற்போலப் பூங்கொற்றிக்கு மயிர்க்கூச்செறிந்தது. முதல் விளக்கின் அருகே நீண்டிருந்த விளக்கணைக்கும் கோலைக் காவலன் தானாகவே பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

இரண்டாவது விளக்கின்முன் அவன் குரல் மாறிற்று; கோயிற் பிராகாரத்தில் தன்னந்தனியாக நிற்கும் பெண்ணின் குரல் ஆயிற்று.

*வாசல் தெளித்தேன் உனக்கென்று, வண்ணக் கோலம் உனக்கென்றேன்;
ஏசும் ஊரார் வாயடங்க எனக்கோர் நாழி தாராயோ?
தேசம் எல்லாம் அளந்தவனே, தெருவொன் றளக்கக் கூடாதோ?
பூசும் சாந்தும் உலர்ந்துதிர்ந்து பொடியாய்ப் போகின் றதுகண்டாய்!*

உலகத்தையே அளந்த கால்களுக்கு ஒரு தெரு எம்மாத்திரம்? வராத கடவுளை வா என்று சண்டைக்கு இழுக்கும் அந்த உரிமையைக் கேட்டு, மண்டபத்தின் ஓரத்தில் நின்ற முதிய பணிப்பெண் ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சேனாபதிகூடக் கை கூப்பிவிட்டார்; கூப்பியதை உணர்ந்ததும் அவசரமாகக் கையை வாளின்மேல் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது விளக்கின்முன் அவன் நிமிர்ந்து நின்றான். முரசும் சங்கும் முழங்கும் பெருவீதி ஒன்று அந்தச் சிறு மண்டபத்துக்குள் புகுந்தது.

*தேர்வரும் வீதியில் தெரிவையர் விழிகள் தோரணம் ஆயினவே;
தார்மலர் யாவும் தளர்ந்தன வாடித் தையலர் மூச்சனலால்;
கார்முகில் என்றே கன்னியர் கூந்தல் கண்டு மயங்கினவாய்
ஊர்மயில் எல்லாம் ஒருங்கெழுந் தாடி ஓய்ந்தன நாணினவே!*

வீரர்கள் "ஆகா!" என்றார்கள். பெண்களின் பெருமூச்சுச் சூட்டில் மாலை வாடியதாம். கூந்தலை மேகம் என்று நம்பி ஏமாந்த மயில்கள் வெட்கப்பட்டனவாம்! அக்காலத்துக் கவிகளின் துணிச்சலே துணிச்சல். இப்படி ஒரு பொய்யைக் கேட்டபின் மெய் சற்றுச் சப்பென்று போனால் அது மெய்யின் குற்றமாகுமா? பூங்கொற்றி வாய்விட்டே சிரித்தாள். மூன்று விளக்கும் அசையாமல் எரிந்தன.

அவள் நெஞ்சில் பாரம் இறங்கிற்று. இனி நான்காவது ஒன்றுதான். எவளோ ஒரு பாணிச்சியைப் பற்றி நாலு வரி பாடினால் போதும், அவன் பிழைத்தான். அப்படி ஒரு பாணிச்சி இருந்துவிடுவாளோ என்ற எண்ணம் வந்தபோது அந்த இறங்கிய பாரம் வேறொரு பக்கமாக ஏறிக்கொண்டது.

நான்காவது விளக்கின்முன் அவன் வந்து நின்றான். பிறகு தொடங்கினான், இராகம் இல்லை, சந்தம் இல்லை.

*எனக்காகப் பேசத் தோழி இல்லை.
நான் பின்னே மறைந்து நிற்கத் தெய்வம் இல்லை.
தேரும் தெருவும் இல்லை. என் வாய் ஒன்றே உண்டு.
கதவொன்று தேடி வந்தேன், என் தமையன் படை நுழைய.
கண்டேன், படிகளை எண்ணினேன், ஓலையில் எழுதினேன்.
'இந்தச் சொல் நன்று' என்றாள் ஒருத்தி, ஏட்டிலிருந்து தலை நிமிராமல்.
அதற்குப் பின் அந்த ஓலை அக்கரைக்குப் போகவில்லை.
இன்று அதை ஆற்றில் எறியப் போனேன், அதற்குள் பிடிபட்டேன்.
மருதன் அல்லேன். நெடுங்காவூர் ஆதிச்சனின் தம்பி,
இளம்பூதி என் பெயர்.
பூங்கொற்றி, உன் கோட்டைக்குத்தான் நான் பகைவன்.*

அடுத்த கணம் நாற்பது வாள்கள் உறையைவிட்டு வெளிவந்தன. "பகையரசன் தம்பி! ஒற்றன்!" என்று முழங்கினார் சேனாபதி.

பூங்கொற்றி அசையவில்லை. ஆயிரம் ஆண்டு ஏடுகளை அவள் புரட்டியிருக்கிறாள். அத்தனை காலமும் காதல் யாராவது ஒருவருக்குப் பின்னால் நின்றுகொண்டேதான் பேசியிருக்கிறது. இதோ ஒருவன், பொய் ஒன்று சொன்னால் உயிர் பிழைக்கலாம் என்ற இடத்தில், தன் பெயரையும் அவள் பெயரையும் நாற்பது வாளுக்கு நடுவில் வைத்துவிட்டு வெறுங்கையுடன் நிற்கிறான். இப்படியும் ஒரு பாட்டு உண்டா என்று அவள் பிரமித்துப்போனாள். கண்ணில் நீர் வந்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை.

"வாள்களை உறையில் இடுங்கள்," என்றாள். "நான்கு விளக்கும் எரிகின்றன."

"இளவரசி! ஒற்றன் என்று அவனே ஒப்புக்கொண்டானே!"

"ஒற்றர்தாம். ஆனால் பாவலர். பாவலர்மேல் நம் இரும்பு படாது என்பதுதானே ஆணை? பகைவராய் இருந்தால் வெட்டலாம் என்று முதல் வேள் எங்கேயாவது சேர்த்து எழுதியிருக்கிறாரா?"

"விட்டால் நேரே போய்த் தமையனிடம் வாயிலைக் காட்டிக் கொடுப்பான். வாய் திறப்பதில்லை என்று சத்தியமாவது வாங்குங்கள்!"

இளம்பூதி வாயெடுத்தான். பூங்கொற்றி கையமர்த்தினாள். "வேண்டாம். உடன்பிறந்தவருக்குத் துரோகம் செய்யும்படி ஒரு சத்தியத்தை நான் வாங்கமாட்டேன். சேனாபதி! கல்தச்சர் அனைவரையும் அழையும். நிலா உச்சிக்கு வருமுன் நீர்வாயிலைக் கருங்கல்லால் அடைத்துவிட வேண்டும். இல்லாத கதவை யாரும் காட்டிக் கொடுக்க முடியாது."

சேனாபதியின் முகம் வெளிறியது. அவருக்கு முன்னே பதறியவன் இளம்பூதி. "தேவி! என்ன சொல்கிறீர்கள்? வெள்ளம் வடிந்து கோட்டை விழுந்தால் தாங்களும் தங்கள் தந்தையாரும் தப்ப வேறு வழி ஏது? என் ஒருவன் தலைக்காகவா? அதற்கு இந்த வாளே மேல்!"

"கோட்டை விழுந்தால் அல்லவா தப்ப வேண்டும்?" என்றாள் பூங்கொற்றி. "விழாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. மற்றப் பாதி வேலையை நீர் பார்க்கலாம் அல்லவா?"

இளம்பூதி நிமிர்ந்தான். அந்தக் குரலில் இப்போது பாணனின் பணிவு இல்லை, அரசிளங்குமரனின் உறுதி இருந்தது. "பார்ப்பேன். இன்றே தமையனிடம் போய் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்வேன். சமாதானம் செய்யக் கெஞ்சுவேன், கேட்காவிட்டால் சண்டையிடுவேன். அதற்கும் அவர் இசையாமல் படகுகளை இறக்கினால், முதல் படகுக்கு முன்னால் ஆயுதமின்றி நான் நிற்பேன். என்னைக் கடந்துதான் ஒரு வீரன் இந்தப் பாறையை மிதிக்க முடியும். இது நெடுங்காவூர்க் குலத்தின்மேல் ஆணை."

சேனாபதி அஞ்சாதகண்டர் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு, "தம்பி, உன் பாட்டு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தக் கடைசிப் பாட்டு மட்டும் விளங்கிற்று," என்று சொல்லிவிட்டுத் தாமே படகுக்கு ஏற்பாடு செய்யப் போனார்.

பெருவெள்ளத்திலும் ஒற்றைப் படகைக் கடத்தத் தெரிந்த படகோட்டி ஒருவனுடன், கோட்டைத் தலைவாயிலில் படகு வந்து நின்றது. நிலவு நன்றாக ஏறி, வெள்ளம் முழுதும் வெள்ளி உருகி ஓடினாற்போல் இருந்தது. உள்ளே நீர்வாயில் பக்கத்திலிருந்து கல்தச்சர்களின் உளியோசை கேட்கத் தொடங்கிவிட்டது. படகில் ஏறிய இளம்பூதி திரும்பி நின்றான்.

"என் பாட்டுக்கு மறுமொழி இல்லையா?" என்று கேட்டான்.

படித்துறை முழுவதும் வீரர்களும் பணிமக்களும் கூடியிருந்தார்கள். பூங்கொற்றி நீர் விளிம்பு வரைக்கும் இறங்கி வந்தாள். எல்லாரும் கேட்கும்படி உரக்கவே பேசினாள்.

"இளம்பூதி! என் சுவடிச்சாலையில் காதலித்த பெண்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பரண்மேல் நின்று காத்தவளும், வாசலில் நின்று காத்தவளும், தேர்த்தெருவில் நின்று காத்தவளுமாக எல்லாரும் காத்தே நின்றார்கள். வந்தானா என்று ஏடு சொல்லவில்லை. நான் அவர்களுடைய வரிசையில் நிற்கப்போவதில்லை. வெள்ளம் வடிய இன்னும் பதினைந்து நாள். அதற்குள் சமாதானத்தோடு நீர் இங்கே வந்தால் நல்லது. வராவிட்டால், பதினாறாம் நாள் காலையில் நான் இந்த ஆற்றைக் கடப்பேன். படை வராது, தோழியும் வரமாட்டாள். உம் தமையனார் கூடாரத்தின் முன் போய் நின்று, பூங்கொற்றி வந்திருக்கிறேன், என் கணவரைக் காட்டுங்கள் என்று கேட்பேன். என் தந்தையின் மார்பிலுள்ள புண்மேல் ஆணை!"

படகோட்டி துடுப்புப் போட மறந்து நின்றான். அதற்கு ஈடாகச் சொல்ல இளம்பூதியிடம் எந்தக் காலத்துப் பாட்டும் இல்லை. இரு கைகளையும் தலைக்குமேல் குவித்து, படித்துறை மறையும்வரை அப்படியே நின்றபடி போனான்.